நிறைந்தால் வழியும்

“நிறைந்தால் வழியும் என்று நீங்கள்தான் எழுதி வைத்தீர்கள். எங்கே வழிந்தது? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.”

நுணலி என்ற தவளை இதே கேள்வியை நான்காவது தடவையாகக் கேட்டது. கேட்டது துடுப்பனிடம். துடுப்பன் ஒரு பீவர். நம் பக்கத்தில் பீவர் கிடையாது. பெருச்சாளி ஒன்றைத் தீனி போட்டுத் தீனி போட்டு ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்த்து, வாலுக்குப் பதில் ஒரு துடுப்பைச் செருகிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் பீவர். மரத்தைப் பல்லால் அறுத்து ஓடையின் குறுக்கே போட்டு அணை கட்டுவது அதன் தொழில். இது அமெரிக்காவில் ஒரு மலைச்சரிவில் நடந்த கதை.

துடுப்பன் அணைமேல் உட்கார்ந்து மரப்பட்டை தின்றுகொண்டிருந்தது. அதற்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே ஒன்றும் புரியாத முகத்தோடு, “நிறைந்தால்தானே அம்மா வழியும்? இன்னும் நிறையவில்லையே” என்றது.

நுணலி குட்டையைப் பார்த்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தெரியவில்லை. இது நிறையவில்லை என்றால் வேறு எதைத்தான் நிறைந்தது என்பது? ஆனால் அணையின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கத்தான் செய்தது. நுணலிக்குக் குழப்பமாகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தச் சரிவில் மேலிருந்து கீழாக மூன்று குட்டைகள். பனி உருகி வரும் ஓடை முதலில் மேல் குட்டையில் விழும். அது நிறைந்து வழிந்தால் நடுக் குட்டைக்குத் தண்ணீர். நடுக் குட்டை நிறைந்து வழிந்தால் அடிக் குட்டைக்கு. துடுப்பனின் தாத்தா காலத்தில் அப்படித்தான் நடந்தது. மேல் குட்டைக் கரையில் சாய்ந்து கிடக்கும் பைன் மரத்தில் ‘நிறைந்தால் வழியும்’ என்று அவர் பல்லாலேயே செதுக்கியும் வைத்திருந்தார்.

துடுப்பன் பொறுப்புக்கு வந்தபின் ஒரு புது வழக்கம் வந்தது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியதும் துடுப்பனுக்குப் பயம் பிடித்துவிடும். அணை உடைந்துவிட்டால்? உடனே ஒரு முழம் உயர்த்தும். அடுத்த வருஷம் தண்ணீர் மறுபடி ஏறும். மறுபடி பயம், மறுபடி ஒரு முழம். இப்படி இருந்தால் குட்டை எந்த ஜன்மத்தில் நிறையும்?

மண்ணும் குச்சியும் சுமந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அடிக் குட்டைப் பிராணிகள்தான். ஒரு நாள் முழுக்கச் சுமந்தால் ஒரு பிடி நீர்ப்பாசி கூலி. அந்தப் பாசி முன்பு அடிக் குட்டையிலேயே சும்மா முளைத்துக் கிடந்தது. இப்போது அங்கே தண்ணீர் இல்லாததால் மேலே மட்டும்தான் முளைக்கிறது. ஆகவே கூலிக்கு நல்ல மதிப்பு.

நுணலியின் அவசரம் கூலியைப் பற்றியது அல்ல. அதன் பிள்ளைகள் முப்பத்தேழும் அடிக் குட்டையில் தலைப்பிரட்டைகளாக நீந்திக்கொண்டிருந்தன. கால் முளைக்க இன்னும் பத்து நாள் வேண்டும். பத்து நாள் தாங்கும் தண்ணீர் குட்டையில் இல்லை.

இதைச் சொன்னதும் துடுப்பன் மனம் இளகிவிட்டது. கெட்ட பிராணி இல்லை அது.

“அடடா, இதற்கா இவ்வளவு பேச்சு? பிள்ளைகளை மேலே வரச் சொல்லேன். பாதையை நாங்கள் யாருக்கும் அடைத்து வைக்கவில்லையே. முயல் வரலாம், எலி வரலாம், தலைப்பிரட்டையும் வரலாம். யார் எந்தக் குட்டை என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நானே ஒற்றைக் குச்சியில் ஆரம்பித்தவன்.”

அந்த ஒற்றைக் குச்சியை அப்பா விட்டுப்போன அணையின் மேல்தான் வைத்தது என்பதைச் சொல்லவில்லை. மறைத்தது என்றும் சொல்ல முடியாது. அதற்கே ஞாபகம் இல்லை.

“அவர்களுக்குக் கால் இல்லையே” என்றது நுணலி.

“சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும் அம்மா. அதைத்தானே எழுதியும் வைத்திருக்கிறோம். நன்றாகப் படித்துப் பார். நிறைந்தால் வழியும். வழி. பாதை. மனது நிறைய ஆசையும் உழைப்பும் இருந்தால் மேலே வர வழியும் உண்டு. ‘உண்டு’ என்று போட மரத்தில் இடம் போதவில்லை. அவ்வளவுதான்.”

பிறந்தது முதல் நுணலி அந்தச் சொல்லைத் தண்ணீர் வழிவது என்றுதான் படித்திருந்தது. அதன் அம்மாவும் அப்படித்தான் படித்தது. இரண்டு தலைமுறையாகவா தப்பாகப் படித்தோம்?

முந்நூறு தத்தல் தத்தி அது கீழே வந்து சேர்ந்தது. வழி நெடுக யோசித்தது. துடுப்பன் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அணையைத் துடுப்பன் கட்டியது, சரி. பாதை திறந்திருக்கிறது, சரி. குட்டை நிறையவில்லை, அதுவும் சரி. எல்லாம் சரியென்றால் பிள்ளைகள் மட்டும் ஏன் சேற்றில் கிடக்க வேண்டும்? எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அடிக் குட்டையில் ஓட்டாண்டி என்ற ஆமை இருந்தது. ஓடு ஒன்றுதான் அதன் சொத்து என்பதால் அந்தப் பெயர். குட்டையில் தண்ணீர் எவ்வளவு என்று அறிய ஓட்டாண்டியைப் பார்த்தால் போதும். போன வருஷம் தலை மட்டும் வெளியே தெரிந்தது. இந்த வருஷம் முதுகு முழுக்கக் காய்ந்து வெடித்திருந்தது.

அணையில் ஒரு சாண் இறக்கச் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேட்டால் என்ன என்று நுணலி அதனிடம் கேட்டது.

“நன்றாகச் சொன்னாய் போ” என்றது ஓட்டாண்டி. “இன்றைக்கு அணையை இறக்கிவிட்டால், நாளைக்கு நான் மேலே போய்ச் சேரும்போது அங்கே என்ன மிச்சம் இருக்கும்? என் தண்ணீரை அல்லவா கேட்கிறாய் நீ?”

“அண்ணே, நீ எப்போது மேலே போகப் போகிறாய்?”

“ஏறிக்கொண்டுதானே இருக்கிறேன்.”

அது பொய் இல்லை. முப்பது வருஷமாக ஏறுகிறது. முதல் பாறை வரை வந்திருக்கிறது. பாதி நாள் அணைக்கு மண் சுமக்கப் போய்விடுவதால் ஏற நேரம் கிடைப்பதில்லை. அதை ஏழை என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். தான் ஏழை அல்ல, இன்னும் மேலே போய்ச் சேராத பணக்காரன் என்று விளக்கம் கொடுக்கும்.

இருந்தாலும் நுணலி விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதில், மறுநாள் நடுக் குட்டைக் கரையில் கூட்டம் கூடியது. துடுப்பனே மகிழ்ச்சியோடு வந்தது. எல்லாரும் பேசட்டும், அதுதான் நம் மலையின் பெருமை என்றது.

முதலில் அந்தச் சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நடுக் குட்டைக் கொக்கைக் கேட்டார்கள். கொக்கு இலக்கணம் படித்தது. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடி யோசித்தது.

“வழியும் என்பதை வினைமுற்றாகக் கொண்டால் தண்ணீர் வழியும். வழி என்ற பெயரோடு உம்மை சேர்ந்தது என்று கொண்டால் பாதையும் உண்டு. இரண்டும் இலக்கணப்படி சரியே.”

இரண்டும் சரியென்றால் இரண்டில் எது நடக்கும் என்று ஓர் எலி கேட்டது. அது தன் துறை அல்ல என்று சொல்லிவிட்டது கொக்கு. குட்டை வற்ற வற்ற மீன் பிடிப்பது கொக்குக்கு எவ்வளவு சுலபம் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் உம்மையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்துத் தத்தன் பேசியது. தத்தனும் தவளைதான். அடிக் குட்டையில் பிறந்து மேல் குட்டைக்கு ஏறிப்போன ஒரே தவளை. பாதை முடியும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லில் அதற்கு வீடு. வருகிறவர்கள் சொந்தக் காலில்தான் வருகிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை. வருஷா வருஷம் கீழே இறங்கி வந்து தான் ஏறிய கதையைச் சொல்லும். அன்றும் சொன்னது. வழுக்கியது, விழுந்தது, மறுபடி ஏறியது, யாரும் கை கொடுக்கவில்லை, சலிக்கவில்லை. கேட்ட முயல்களுக்குக் கண் கலங்கியது.

நுணலி எழுந்தது. “தத்தா, நீ சொன்னது எல்லாம் நிஜம். நீ விழுந்ததை நானே பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குக் கால் முளைத்த வருஷம் அடிக் குட்டையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?”

தத்தனின் கண்கள் ஓட்டாண்டியின் காய்ந்த முதுகின்மேல் போய் நின்றன.

“நிறைய இருந்தது அக்கா” என்றது மெதுவாக. “அடியில் போய் ஒளிந்து விளையாடுவோம்.” பிறகு தலையை உதறிக்கொண்டது. “ஆனால் நான் உழைத்தேன். அதுவும் உண்மைதானே?”

உண்மைதான். அதனால்தான் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் வாக்கெடுப்பு. அணையை ஒரு சாண் இறக்கலாம் என்பவர்கள் காலைத் தூக்குங்கள் என்றார்கள். நுணலி தூக்கியது, எலிகள் தூக்கின. மீன்கள் துள்ளித் துள்ளிப் பார்த்தன. கால் இல்லாததால் அவற்றைச் சேர்க்கவில்லை. முப்பத்தேழு தலைப்பிரட்டைகளையும் யாரும் கேட்கவில்லை. கொக்கு எப்போதும் ஒரு காலைத் தூக்கித்தானே நிற்கும்? அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இறக்கக் கூடாது என்பவர்கள் தூக்குங்கள் என்றார்கள். கொக்கு அப்படியே நின்றது. அதை மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். முயல்கள் முதல் தடவையும் தூக்கின, இரண்டாம் தடவையும் தூக்கின. ஏன் என்று கேட்டதற்கு, இரண்டு பேச்சும் நன்றாக இருந்தது என்றன. ஓட்டாண்டி ஓட்டுக்குள்ளிருந்து நாலு காலையும் நீட்டித் தூக்கப் பார்த்து மல்லாந்து விழுந்தது. விழுந்த பின் நாலு காலும் மேலே நின்றன. நாலு வாக்கு.

அணை இறங்கவில்லை. துடுப்பன் நுணலியிடம் வந்து, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே அம்மா என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனது.

அடுத்த நாள் நுணலி ஒரு பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு முந்நூறு தத்தலும் ஏறியது. தட்டைக் கல்லில் தத்தன் வழி மறித்தது. தூக்கிக்கொண்டு வந்தால் அது ஏறியதாகாது, விதி அப்படி, தனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றது. நுணலி அந்தப் பிள்ளையைக் கவ்வியபடியே கீழே கொண்டுவந்து சேற்றில் விட்டது. போக வர வெயில். பிள்ளை பாதி துவண்டுவிட்டது.

ஏறி வருகிறவர்கள் கரையில் குடித்துக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும் இருந்தது. நுணலி குடிக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே வந்து குட்டையில் கொப்பளித்தது. சேறு அதை உறிஞ்சிக்கொண்டது. போட்ட இடம் தெரியவில்லை. மறுபடி ஏறியது, மறுபடி கொண்டுவந்தது. மறுபடியும் அதே கதி.

குட்டையின் ஓரத்தில் மான் ஒன்று மிதித்துவிட்டுப் போன குளம்புப் பள்ளம் இருந்தது. ஆழமான பள்ளம், களிமண். தண்ணீர் வற்றிய நாளில் தற்செயலாக அதற்குள் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. படு குறும்பு, பெயர் வாலு. அங்கே ஊற்றினால் மட்டும்தான் தண்ணீர் நிற்கும் என்று மூன்றாம் நாள் நுணலிக்குத் தெரிந்துபோனது.

ஒரு தாய் இதை எப்படி முடிவு செய்யும் என்று என்னைக் கேட்காதீர்கள். நுணலி முடிவு செய்யவில்லை. அதன் கால்கள் ஏறின, அதன் வாய் பள்ளத்தில் ஊற்றியது. ஒரு நாளைக்கு மூன்று நடை. சேற்றிலிருந்த மற்ற பிள்ளைகள், எங்களுக்கு அம்மா, எங்களுக்கு, என்று வாயைத் திறந்து மூடின. நுணலி அந்தப் பக்கம் பார்க்காமல் தத்தப் பழகிக்கொண்டது. தட்டைக் கல்லிலிருந்து தத்தன் எல்லாவற்றையும் பார்த்தது. மரத்தில் செதுக்கிய எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் வாலுவுக்கு நாலு காலும் வந்துவிட்டன. வால் மட்டும் இன்னும் உதிரவில்லை.

வாலு ஏறியது. வழுக்கிய இடத்திலெல்லாம் நுணலி பின்னாலிருந்து தலையால் முட்டுக்கொடுத்தது. முதல் பாறையருகே ஓட்டாண்டி நின்று, பார்த்தாயா, நான் சொன்னேனே, முடியும் என்று சொன்னேனே என்று சந்தோஷத்தில் குதிக்காத குறையாகக் கத்தியது. அடுத்தது நான்தான் என்றது.

தத்தன் வாலுவின் நாலு காலையும் பார்த்துவிட்டு வழியைவிட்டு விலகியது.

மேல் குட்டையில் கொண்டாட்டம். துடுப்பன் தன் கையாலேயே பாசி எடுத்துக் கொடுத்தது. நடுக் குட்டை வாத்துகள் வந்தன, முயல்கள் வந்தன, கொக்கும் வந்தது. யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று துடுப்பன் கேட்டது. அதற்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நாள் இந்த அம்மாள் எதற்காகச் சண்டை போட்டாள் என்பதுதான் அதற்கு இன்னும் விளங்கவில்லை.

வாலுவைத் தட்டைக் கல்லில் ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாலு பயந்து பயந்து தத்தனைப் பார்த்தது. பிறகு மார்பை நிமிர்த்தியது.

“நான் உழைத்தேன்” என்றது. “மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தார்கள்.”

எல்லாரும் கரவொலி எழுப்பினார்கள். தத்தன் மட்டும் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டது.

நுணலி கூட்டத்தின் நடுவில் நின்றது. பெற்ற பிள்ளை பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, அது பேசியதற்கு அறைவதா என்று தெரியவில்லை. அறைந்தால் என்ன சொல்லி அறைவது? கால் அதனுடையதுதான். ஏறியதும் அதுதான்.

நீதி கேட்பவர்களுக்கு அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கால் முளைக்கும்வரை தண்ணீர் விடாதவர்கள், ஏறிவர வழி திறந்திருக்கிறது என்று சொல்வது தர்மமும் ஆகாது, பொய்யும் ஆகாது, கொலை மட்டும் ஆகும்.

பிள்ளையைப் பெற்றவள் என்ற முறையில் நீயும் இரண்டு வார்த்தை சொல் அம்மா என்று துடுப்பன் நுணலியைக் கல்லருகே அழைத்துப் போனது. எப்படி வளர்த்தாய் என்று சொல், மற்றத் தாய்மார்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றது.

நுணலி அதைச் சொல்லவில்லை. கீழே சேற்றில் இன்னும் பதினொன்று அசைந்துகொண்டிருக்கின்றன, அவற்றுக்குப் பின்னங்கால் மொட்டு விட்டுவிட்டது, இரண்டே நாளைக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்றது. வாத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கொக்கு மற்றக் காலுக்கு மாறி நின்றது. வாலுவின் வாய் நிறையப் பாசி இருந்தது. துடுப்பன், அந்த அம்மாள் சொன்னது காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் தலையைச் சாய்த்தது.

அதனால் நுணலி, எல்லாருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திக் கேட்டது.

“ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு, யாராவது என்னோடு கீழே வருகிறீர்களா?”